ஒன்பது அங்குலக் கால்

போன மாதம் வேலூரில் நிருபர்கள் நாம் கூடியபோது உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், ஒரு செய்திய எத்தனை பேர் சொன்னா போடலாம்?" என் கையில் டீ இருந்தது. அதைக் குடித்து முடித்து, டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தைப் பற்றி நேரில் பேச எனக்கு இன்றும் கூச்சம். அதனால்தான் வாயால் சொல்லாமல் எழுதுகிறேன்.

ஆம்பூரில் நான் பகலில் கணக்கு ஆசிரியர், மாலையில் ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபர். இரண்டு வேலையையும் சேர்த்தே இருபத்திரண்டு ஆண்டு செய்தேன். எண்ணுவது என் பழக்கம். கூட்டத்துக்குப் போனால் தலையை எண்ணுவேன், மாடி ஏறினால் படியை எண்ணுவேன், அச்சில் வந்த என் செய்தியில் எத்தனை வரி வெட்டியிருக்கிறார்கள் என்று எண்ணுவேன். எண்ணிவிட்டால் ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

நான் சொல்லப்போவது தொண்ணூறுகளில் ஒரு மே மாதம் நடந்தது. இதில் வரும் ஆட்களின் பெயரையும் அணிகளின் சட்டையையும் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் எழுதலாமா என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் சரி என்றார். மூன்றாவது முறை கேட்கப் பயமாக இருந்தது.

இன்றைக்கு நீங்கள் வெளிநாட்டு லீக்கில் எந்த ஆட்டக்காரர் எந்தக் கிளப்புக்குப் போகிறார் என்று போனில் பார்த்துச் சண்டை போடுகிறீர்கள். அன்றைக்கு எங்களுக்கு அந்தச் சண்டை டீக்கடையில். தோல் கம்பெனிகள் கால்பந்து அணி வைத்திருந்தன. ஒரு ஆட்டக்காரனை எடுப்பது என்றால் அவனுக்குக் கம்பெனியில் ஒரு வேலை போட்டுக் கொடுப்பது என்று பொருள். மே மாதத்தில் பத்து நாள் மாவட்ட லீக்கின் பதிவேடு திறந்திருக்கும். வேலூரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையின் பின்னறையில் அது இருக்கும். அணி மாற விரும்புகிறவன் தானே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். போன வருட அணியிலேயே இருக்கிறவனும் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பத்து நாளுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் கையெழுத்து சீசன். மைதானத்தில் ஆட்டம் பார்க்க வருவதைவிட அந்தப் பத்து நாள் டீக்கடையில் கூட்டம் அதிகம். எதிரணி தூக்கிக்கொண்டு போய்விடும் என்று ஒரு கோல்கீப்பரை ஆலங்காயம் பக்கம் ஒரு மாந்தோப்பில் எட்டு நாள் ஒளித்து வைத்தார்கள். மாம்பழம் தின்றே பெருத்துப்போய்த் திரும்பி வந்தான். அந்த வருடம் அவன் தாண்டிப் பிடித்த பந்து ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

எங்கள் ஊரில் இரண்டு அணிகள்தான் கணக்கு. ஒன்று தோல் பதனிடும் கம்பெனியின் அணி. கோடு போட்ட சட்டை என்பதால் ரசிகர்கள் அதைக் 'கோடு' என்பார்கள். இன்னொன்று ஷூ கம்பெனியின் அணி. அது 'மஞ்சள்'. மஞ்சள் அணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு ஆட்டக்காரனைப் பேசி முடித்ததும் முதல் வேலையாக அவன் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து, சாம்பிள் ரூமுக்கு அனுப்புவார்கள். அங்கே அவன் காலுக்கு மரக்கட்டை செதுக்கி, அதன் மேல் பூட்ஸ் தைப்பார்கள். அதனால் ரசிகர்கள் கையெழுத்துக்குக் காத்திருக்க மாட்டார்கள். "அளவு குடுத்துட்டான்" என்றால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம்.

கோடு அணியின் சென்டர் ஃபார்வர்டு எபி. ஐந்தடி பதினோரு அங்குலம். முந்தைய சீசனில் பதினேழு கோல். அவன் அணி மாறுவான் என்று யாரும் நினைத்ததில்லை.

பதிவேடு மூட ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை மாலை அன்வர் பாய் டீக்கடைக்குப் போனேன். பதினாறு பேர் இருந்தார்கள். எல்லா முகமும் செத்த வீட்டு முகம்.

"சார், மேட்டர் முடிஞ்சிபோச்சி," என்றார் அன்வர் பாய். "எபி மஞ்சளுக்கு அளவு குடுத்துட்டான்."

"யாரு சொன்னது?"

"இன்னா சார் யாரு சொன்னதுன்ற? ஊரே சொல்லுது."

டெய்லர் முருகேசன் பெஞ்சிலிருந்து எழுந்தார். கோடு அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவர். "நான் பார்த்தேன் சார், இந்தக் கண்ணால. ஷூ கம்பெனி கேட்டாண்ட. மஞ்சள் சாம்பிள் ரூம் மேஸ்திரி கையில காகிதத்த குடுத்தான். கால் வரைஞ்சிருந்திச்சி. விரல் பக்கம் அவன் கை மறைச்சினு இருந்திச்சி. ஆனா அளவு எனக்குத் தப்பாது. ஒம்பது இஞ்சி."

"எவ்ளோ தூரத்துலருந்து பார்த்தீங்க?"

"இங்கருந்து அந்த பங்க் கடை. நான் டெய்லர் சார். ரோட்ல போற ஆளப் பார்த்தே சட்டை வெட்டுவேன்."

"அதான் என் சட்டை தொப்புள் வரைக்கும் இருக்கா?" என்றது ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

"எபி போனா நம்ம கோடு வெறும் கோடுதான்," என்றார் இன்னொருவர்.

"அழிச்சிட வேண்டியதுதான்."

நான் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்: எபி, மஞ்சள், அளவு, 9 அங். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வரியைப் பாருங்கள். உண்மை முழுவதும் அதிலேயே இருக்கிறது. நான் அதை எழுதினேன், படிக்கவில்லை.

வேலூர் அலுவலகத்தில் என் செய்திகளைத் திருத்தும் மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் இருந்தார். சேர்ந்த புதிதில் அவர் எனக்குக் கொடுத்த விதி ஒன்றே ஒன்று: இரண்டு பேர் சொல்லாமல் எதையும் எழுதாதே. நான் இரண்டோடு நிற்கிற ஆள் இல்லை. மறுநாள் சலூன்காரரைக் கேட்டேன். ஆமாம் என்றார். லாரி புக்கிங் ஆபீஸ் கணக்கரைக் கேட்டேன். உறுதி என்றார். பிரியாணிக் கடையில் கல்லாவில் இருந்தவர், "இப்பதான் கேக்குறீங்களா?" என்று இளக்காரமாகப் பார்த்தார். அன்வர் பாய், முருகேசன், இவர்கள் மூவர். ஐந்து பேர். இரண்டரை மடங்கு பாதுகாப்பு என்று நினைத்தேன்.

எபியின் வீடு பிரியாணிக் கடையிலிருந்து எழுநூறு தப்படி. போயிருக்கலாம். ஃபேக்ஸ் கடை ஏழு மணிக்கு மூடும். அப்போது ஆறே கால். போகாததற்கு அதைத்தான் காரணமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜமான காரணம் வேறு. அவனிடம் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவானோ என்ற பயம். இல்லை என்று சொல்லிவிட்டால் செய்தி போய்விடும்.

பதினொரு வரி அனுப்பினேன். புதன்கிழமை ஏழு வரி வந்தது. 'கோடு அணியிலிருந்து விலகுகிறார் எபி' என்று தலைப்பு. அளவு கொடுத்த விஷயத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். வேலூர்க்காரர்களுக்கு அது புரியாது.

காலை ஒன்பது மணிக்கு அன்வர் பாய் கடையைத் தாண்டும்போது அவர் கை தட்டிக் கூப்பிட்டார்.

"சார், எபிய கம்பெனி கேட்லயே நிறுத்திட்டாங்க. வாச்மேன் உங்க பேப்பரக் காட்டித்தான் வெளிய போன்னானாம்."

"வேற கம்பெனிக்குத்தானே போறான்? அங்க போவட்டும்."

"அது சரி. ஆனா பையன் அங்கயே நின்னு அழுதானாம் சார். எரநூத்தி முப்பத்தொண்ணு, எரநூத்தி முப்பத்தொண்ணுன்னு சொல்லினே இருந்தானாம். இன்னா கணக்கு அது?"

எனக்கு அந்தக் கணக்கு தெரியும். கம்பெனி ஊரில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். தொடர்ந்து இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்தவன் நிரந்தரம் கேட்கலாம். அதனாலேயே பல கம்பெனிகள் அதற்கு முன்பே ஆளை நிறுத்திவிட்டு மறுபடி புதிதாக எடுக்கும். அந்த வருடம் எபியை நிறுத்துவதில்லை, நிரந்தரம் செய்வது என்று கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. பதினேழு கோலுக்கான பரிசு அது. அதற்கு இன்னும் ஒன்பது வேலை நாள்தான் இருந்தது.

மஞ்சள் அணிக்குப் போகிறவன் அந்த ஒன்பது நாளுக்காக ஏன் அழ வேண்டும்? சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.

மாலையில் கூட்டம் எபியின் வீட்டுக்குப் போனது. நானும் பின்னால் போனேன். ஒரே சுவரில் எட்டு வீடுகள், எபியுடையது ஆறாவது. வாசலில் நாற்பத்திரண்டு பேர். அவர்களில் முக்கால்வாசிப் பேரை எனக்குத் தெரியும். என்னிடம் பெருக்கல் வாய்ப்பாடு படித்தவர்களே ஒன்பது பேர் இருந்தார்கள். ஆனால் அன்றைக்கு அந்த முகங்களைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஒருவர் கையில் கோடு போட்ட சட்டை. அதைக் கொளுத்தப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எபி வெளியே வந்தான். லுங்கி, வெறும் கால். வாசற்கல்லில் நின்றான்.

"டேய் எபி, எவ்ளோக்குடா போன?"

"நான் எங்கயும் போகல்ல."

"அப்ப சாம்பிள் ரூம் மேஸ்திரிகிட்ட இன்னா குடுத்த?" இது முருகேசன். "கால் வரைஞ்ச காகிதம். நான் பார்த்தேன். இல்லன்னு சொல்லு பாக்கலாம்."

உள்ளே திரைக்குப் பின்னால் அவன் அம்மா நிற்பது தெரிந்தது. குழந்தைகள் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்கு எல்லோரும் போன பிறகு மெதுவாக நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

"கேக்குறாங்கல்ல? உன் காலு இல்லன்னா அது யாரு காலுடா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"எபி, உள்ள வாடா," என்றார் அம்மா.

அவன் ஒரு முறை திரும்பித் திரையைப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: "என் காலுதான். இப்ப இன்னான்ற?"

சட்டையைக் கொளுத்தினார்கள். ஒருவர் வாசலில் காறித் துப்பினார். அன்வர் பாய் என் தோளைத் தட்டி, "உங்க நியூஸ் பக்கா சார்," என்றார்.

நான் எபியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாசற்கல் செங்கல் வைத்துக் கட்டியது. ஒரு செங்கல் ஒன்பது அங்குலம். அவன் குதிகால் செங்கலின் ஒரு முனையில் இருந்தது. விரல்கள் மறுமுனையைத் தாண்டி, அடுத்த செங்கலில் கால்வாசி தூரம் போயிருந்தன. பதினோரு அங்குலத்துக்குக் குறையாது.

அப்போதுதான் என் நோட்டில் இருந்த எண்ணை நான் முதல் முறையாகப் படித்தேன். அவன் பொய் சொல்கிறான். தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்ளும் பொய். எதற்கு?

அன்று மாலையே அந்த ஐந்து பேரிடமும் திரும்பப் போனேன். இந்த முறை ஒரே கேள்விதான்: உங்களுக்கு யார் சொன்னார்கள்? சலூன்காரருக்குச் சொன்னது அன்வர் பாய். கணக்கருக்குச் சொன்னது சலூன்காரர். பிரியாணிக் கடைக்காரருக்குச் சொன்னது முருகேசனே. அன்வர் பாய்க்கும் அவரேதான். ஐந்து வாய், ஒரு ஜோடிக் கண். அந்தக் கண்ணும் விரலைப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை சாம்பிள் ரூம் மேஸ்திரியின் வீட்டுக்குப் போனேன். எபி போகும் அதே சர்ச்சுக்குப் போகிறவர். வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு சின்ன மேசை போட்டு வேலை செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மேசை மேல் எதையோ துணி போட்டு மூடினார்.

"சார், பேஜார் பண்ணாதீங்க. எழுதின வரைக்கும் போதும்."

"மேஸ்திரி, அது அவன் கால் இல்ல. எனக்குத் தெரியும். ஒன்பது அங்குலம். தப்பு பண்ணிட்டேன். எப்படி சரி பண்றதுன்னு தெரியல."

அவர் துணியை விலக்கினார்.

அது எங்கள் நாளிதழின் ஒரு பக்கம். விளையாட்டுப் பக்கம். நான் அனுப்பிய லீக் புள்ளிப் பட்டியலின் மேல், பென்சிலால் ஒரு இடது பாதம் வரைந்திருந்தது. நான் விரல்களை எண்ணினேன். மூன்று. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். மூன்றுதான். மற்ற இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பென்சில் கோடு வளைந்து நேராகப் போயிருந்தது.

எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு அது தொழுநோயின் தடம் என்று பார்த்ததும் தெரியும்.

"எபி அம்மாவுக்குக் குணமாயி இருவது வருஷம் ஆச்சு சார்," என்றார் மேஸ்திரி. "காலுல உணர்ச்சி மட்டும் திரும்பல. ஆணி குத்தினாலும் தெரியாது. மெத்துன்னு ரப்பர் வச்ச செருப்புதான் போடணும். ஆஸ்பத்திரியில குடுக்குறாங்க. ஆனா அந்தச் செருப்பப் பார்த்தாலே ஊருக்கே தெரிஞ்சிடும். அதான் உள்ள அந்த ரப்பர், மேல சாதாரண செருப்பு மாதிரி தைச்சிக் குடுக்குறேன். அந்தம்மா சமையல் பண்ற எடம் பசங்க விடுதி. ஒட்டாத நோய்னு டாக்டர் எழுதிக் குடுத்தாலும் ஒருத்தனும் கேக்கமாட்டான்."

இப்போது என் முன்னால் இருந்த கணக்கைப் பாருங்கள். 'எபி விலகவில்லை, செய்தி தவறு' என்று நான் மறுப்புப் போட்டால், அதே நாற்பத்திரண்டு பேரும் அதே வாசலில் போய்க் கேட்பார்கள்: அப்படியானால் அது யார் கால்? போடாவிட்டால் எபியின் இருநூற்று முப்பத்தொரு நாளும் போனது போனதுதான். அவன் வேலை அல்லது அம்மாவின் வேலை. அவன் வாசற்கல்லில் நின்று ஒரு நிமிடத்தில் முடிவெடுத்துவிட்டான். அந்த இடத்தில் அவனைக் கொண்டுபோய் நிறுத்தியது என் ஏழு வரி.

மேஸ்திரியின் மேசையில் இரும்பு அளவுகோல் கிடந்தது. நான் செருப்பைக் கழற்றினேன்.

"என் காலை அளந்து பாருங்க."

என் உயரம் ஐந்தடி ஒன்று. பள்ளியில் பையன்கள் எனக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத மாட்டேன். மேஸ்திரி குனிந்து அளந்தார். ஒன்பதே கால்.

"சார், இன்னா யோசிக்கிறீங்க?"

"அந்தக் காகிதத்தை இப்பவே வெட்டிடுங்க. என் கண் முன்னால."

அவர் பாதத்தை ஒட்டி ஒரு அட்டை வெட்டிக்கொண்டு, காகிதத்தைத் துண்டு துண்டாக நறுக்கினார். நான் துண்டுகளை எண்ணி, எல்லாம் அடுப்புக்குள் போகும்வரை நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை தோல் கம்பெனியின் பர்சனல் ஆபீசர் முன் உட்கார்ந்தேன். அவர் மேசை மேல் நான்கு பேனா, இரண்டு போன், என் செய்தியை வெட்டி ஒட்டிய ஒரு தாள்.

"சார், அந்தச் செய்தி தப்பு. எபி மஞ்சளுக்கு அளவு கொடுக்கல. அது என் கால்."

"என்னது?"

"எனக்கு ஒரு செருப்பு தைக்கணும்னு கேட்டேன். ஷூ கம்பெனி மேஸ்திரி எபிக்குத் தெரிஞ்சவர். என் அளவைக் கொடுத்தனுப்பினேன். சும்மா தைச்சித் தரச் சொல்லி."

"சும்மாவா?"

"ஆமா சார். ஓசியில."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப அவன் ஏன்யா ஊரக் கூட்டி என் காலுன்னு சொன்னான்?"

"நிருபர் ஓசிச் செருப்பு வாங்கினார்னு தெரிஞ்சா எனக்கு அசிங்கம்னு சொல்லியிருப்பான். என் பள்ளியில படிச்ச பையன்." இதுவும் பொய். எபி என்னிடம் படித்ததில்லை.

"நீங்க ஏன் அவன் போறான்னு எழுதினீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று வழி நெடுகப் பயந்துகொண்டே வந்திருந்தேன். "கடையில அஞ்சு பேர் சொன்னாங்க. நம்பிட்டேன். அவங்க பார்த்தது என் காலைத்தான்னு எனக்குப் புதன்கிழமை சாயந்திரம்தான் புரிஞ்சிது."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். "உங்க கால வச்சி நீங்களே நியூஸ் போட்டீங்களா?" சிரித்து முடித்ததும் முகம் மாறியது. பியூனைக் கூப்பிட்டு ஸ்கேல் கொண்டுவரச் சொன்னார்.

"அந்த டெய்லர் ஒம்பது இஞ்சின்னு ஊரெல்லாம் சொல்லினு இருக்கான். செருப்பக் கழட்டுங்க."

பியூன் குனிந்து அளந்தபோது என் கால் விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கின. "நேரா வைங்க சார்," என்றான். ஒன்பதே கால்.

"கால் இஞ்சி ஜாஸ்தி."

"டெய்லர் கால் இஞ்சி விட்டுத்தான் சார் சொல்லுவார்," என்றேன். எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று எனக்குத் தெரியாது.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். அதன் நகல் உங்கள் ஆபீசுக்குப் போகும் என்றார். தெரியும் என்றேன். எபி போகாத மூன்று நாளையும் விடுப்பாக எழுதிக்கொள்ளலாம், தொடர்ச்சி அறாது என்று அவராகவே சொன்னார். சென்டர் ஃபார்வர்டு இல்லாத அணியை நினைத்து அவருக்கும் பயம் இருந்திருக்கும்.

மதியம் வேலூரிலிருந்து போன் வந்தது. அந்த மூத்த உதவி ஆசிரியர்தான்.

"செருப்பு வாங்கினியா?"

"வாங்கினேன் சார்."

"எத்தனை பேர் சொன்னாங்கன்னு கேக்கச் சொன்னேன். எத்தனை பேர் பார்த்தாங்கன்னு கேக்கச் சொல்லல. அது என் தப்பு. செருப்பு உன் தப்பு." வைத்துவிட்டார். மறுநாள் மூன்று வரியில் மறுப்பு வந்தது. அதன் பிறகு எட்டு மாதம் நான் அனுப்பிய எதுவும் அச்சில் வரவில்லை. அவரிடம் உண்மையைச் சொல்லலாம் என்று பலமுறை போனை எடுத்தேன். ஒருவரிடம் சொன்னால் அது எத்தனை பேருக்குப் போகும் என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் ஓய்வு பெற்றார், பிறகு இறந்தும் போனார். அவரைப் பொறுத்தவரை நான் செருப்பு வாங்கியவன்தான்.

சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும் எபி வேலூர் போய்க் கோடு அணிக்கே கையெழுத்துப் போட்டான். திரும்பி வந்தவனை அன்வர் பாய் கடையில் நிறுத்தி மாலை போட்டார்கள். நான் ஓரமாக நின்றேன். முருகேசன் என்னைக் காட்டி, "சார், அடுத்த சீசனுக்கு நீங்களே மஞ்சள்ல ஆடுங்க, அளவுதான் குடுத்துட்டீங்களே," என்றார். கடையே சிரித்தது. எபி மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, என் காலைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான்:

"செருப்பு சரியா இருக்குதா சார்?"

"கொஞ்சம் இறுக்கம்," என்றேன்.

அவன் கண் கலங்கியது. அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அன்று அவனுக்கு இருநூற்று முப்பத்திரண்டாவது நாள். அடுத்த எட்டு வேலை நாளும் காலையில் கம்பெனி கேட்டுக்கு எதிரே சைக்கிளோடு நின்றேன். அவன் உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். இருநூற்று நாற்பதாவது நாள் அவன் கேட்டைத் தாண்டியதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாச்மேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும். எத்தனை பேர் என்பதற்கு என்னிடம் எண் இல்லை. அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேளுங்கள். பார்த்தவர் எதைப் பார்க்கவில்லை என்று கேளுங்கள். சம்பந்தப்பட்டவரின் வீடு எத்தனை தப்படி தூரத்தில் இருந்தாலும் போய்வாருங்கள். ஃபேக்ஸ் கடை மூடினால் மூடட்டும். நான் சொன்ன பொய்யை உங்களுக்கு வழியாகக் காட்டவில்லை. ஒரு நிருபர் பொய் சொல்லக் கூடாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அது சரியா தப்பா என்று நானே இன்னும் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறேன். விடை வரவில்லை.

பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து எபியின் அம்மா இறந்தார். எபி அப்போது அதே கம்பெனியில் மேற்பார்வையாளன். நான் போனபோது போதகர் ஜெபம் செய்துகொண்டிருந்தார். வீட்டுக்குள்ளும் வெளியிலும் சேர்த்து எண்பது பேருக்கு மேல். விடுதியிலிருந்து பிள்ளைகள் வரிசையாக வந்திருந்தார்கள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. சுவர் ஓரமாக ஒரு ஜோடி தனியாக இருந்தது. சாதாரணச் செருப்பு. தேய்ந்திருந்தது. பெண்கள் நான்கைந்து பேர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி அதைத் தள்ளி வைக்கக் கை நீட்டினாள்.

எபி எங்கிருந்தோ வேகமாக வந்தான். "அக்கா, அத வைங்க. சாருது." என்னைப் பார்த்தான். "சார், உங்க செருப்பு இதானே? கூட்டம் ஜாஸ்தி, மிதிச்சிடுவாங்க. போட்டுனு போய்டுங்க."

"ஆமா, என்னுதுதான்," என்றேன்.

நான் போட்டுக்கொண்டு வந்தது வேறு ஜோடி. அது குவியலில் எங்கோ கிடந்தது. அவர்கள் எல்லோரும் பார்க்க, சுவரோரம் போய் அந்தச் செருப்பில் காலை நுழைத்தேன். நீளம் சரியாக இருந்தது. வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினேன்.

உள்ளே ரப்பர் மெத்தென்று இருந்தது. எத்தனையோ வருடம் நடந்து நடந்து அதில் பள்ளம் விழுந்திருந்தது. இடது காலில் என் ஐந்து விரல்களில் மூன்றுக்குத்தான் பள்ளம் இருந்தது. மற்ற இரண்டும் வீடு வந்து சேரும்வரை மேட்டிலேயே நடந்து வந்தன.